சிமென்ட் மூட்டைக்குள் கொஞ்சம் அன்னபேதி

பூச்சு வேலை நடக்கிற வீட்டில் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். கரண்டியையும் மட்டப்பலகையையும் கழுவி வைத்த பிறகு கொத்தனார் கை கழுவுவார். சித்தாள் ஒரு சின்னப் பாட்டிலைத் திறந்து தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முழங்கை வரை தேய்த்துக்கொள்வார். விரல் இடுக்கில் வெடிப்பு, புறங்கையில் தடித்துக் கறுத்த தோல். கேட்டால், "சிமென்ட் வேலைன்னா கை இப்படித்தான் சார் இருக்கும்" என்பார்கள். எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது வந்த ஒரு கொத்தனார், இந்தக் கைக்காகவே இரண்டு வருடம் வேலையை விட்டுவிட்டு ஊரில் ஆடு மேய்த்தாராம். அப்போதும் ஆறவில்லை. சரி, ஆறாத கையோடு கூலியாவது வாங்குவோம் என்று திரும்பி வந்துவிட்டார்.

வேலையை நிறுத்தினால் ஆறிவிடுகிற புண் ஒன்று. நிறுத்தியும் ஆறாத கரப்பான் இன்னொன்று. சிமென்ட் இரண்டையும் தரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், இரண்டையும் பிரித்தறியவே மருத்துவத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் பாதி போய்விட்டது. பிரித்தறிந்த பிறகு, இரண்டாவதை ஏறக்குறைய வராமலே தடுக்க வழி சொன்னவர் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் இருந்த தோல் மருத்துவர் சிக்ஃப்ரிட் ஃப்ரெகெர்ட். அவர் சொன்ன வழி நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தருகிற ஒரு சரக்கு: அன்னபேதி.

முதலில் ஆறிவிடுகிற புண்ணைப் பார்த்துவிடலாம். ஈரச் சிமென்ட் கடுமையான காரம். தண்ணீர் பட்டதும் அதிலிருந்து நீற்றிய சுண்ணாம்பு வெளியே வருகிறது. கலவையின் பிஎச் 12, 13 வரை போகும். நம் தோலின் மேற்பரப்போ 5ஐ ஒட்டிய, லேசான அமிலத்தன்மை கொண்டது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்துபோகிறதே, அதே வேலையைத்தான் கலவை கையில் செய்கிறது. தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடுகிறது, மணல் உரசுகிறது, காய்ந்த தூள் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. கான்கிரீட் போடும்போது பூட்ஸுக்குள் கலவை இறங்கினாலோ, முட்டி போட்டுத் தளத்தை இழுத்தாலோ இன்னும் மோசம். மணிக்கணக்கில் வலியே தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தோல் வெந்து ஆழமாகப் புண்ணாகியிருக்கும். இது யாருக்கும் வரும். காரம் எவ்வளவு, எவ்வளவு நேரம் பட்டது என்பதைப் பொறுத்த விஷயம். நிறுத்தினால், காலம் எடுத்தாலும், ஆறும்.

பாரிஸில் மெட்ரோ சுரங்கம் தோண்டிய தொழிலாளர்களின் தோல் நோயை மார்ஷியால் என்ற மருத்துவர் 1908இல் விவரித்தபோது, அதற்கு வழங்கிய பெயர் 'சிமென்ட் சொறி'. காரணம் காரம்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வரக் காரணமும் இல்லை, கையை விட்டாலே எரிகிற பொருள் அது. ஆனாலும் ஒரு முடிச்சு அவிழாமலே கிடந்தது. ஒரே கலவையைக் குழைக்கும் பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும், அதுவும் பல வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு, ஏன் திடீரென்று கையெல்லாம் நீர்க்கொப்புளமாக வெடிக்க வேண்டும்? காரம் அப்படி ஆள் பார்த்துச் சுடாதே.

பதில் 1950இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. யேகர், பெல்லோனி என்ற இரண்டு மருத்துவர்கள் சிமென்ட் கரப்பான் வந்த 32 பேருக்கு ஒட்டுச் சோதனை செய்தார்கள். யோசெஃப் யாடாசோன் 1895இல் அறிமுகப்படுத்திய, இன்றும் அதிகம் மாறாத சோதனை இது. சந்தேகப்படும் பொருளை மிகக் குறைந்த அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் வைத்திருந்து எடுத்துவிட்டு, அன்றைக்கும் மேலும் ஓரிரு நாள் கழித்தும் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். சிவந்து தடித்திருந்தால் ஒவ்வாமை உண்டு என்று அர்த்தம். யேகரும் பெல்லோனியும் ஒட்டியது குரோமியத்தின் உப்பான பொட்டாசியம் டைகுரோமேட். அந்த 32 பேரில் 30 பேருக்குத் தோல் சிவந்தது. வேறு வகைக் கரப்பான் உள்ளவர்களுக்கு ஒட்டிப் பார்த்தபோது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் சிவந்தது.

சிமென்டில் குரோமியம் எங்கிருந்து வந்தது? யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் குரோமியம் கொஞ்சம் இயற்கையாகவே இருக்கிறது. அது மூன்று எலக்ட்ரான்களை இழந்து நிற்கிற மூன்றாம் நிலைக் குரோமியம். கரையாது, தோலுக்குள் எளிதில் போகாது, சாது. அதைச் சுழலும் சூளையில் 1450 டிகிரி வரை சுடும்போது, காற்றும் காரமும் கூடிய அந்த வெக்கையில் ஒரு பங்கு ஆறு எலக்ட்ரான்களை இழந்த ஆறாம் நிலைக் குரோமியமாக, அதாவது குரோமேட்டாக மாறிவிடுகிறது. சூளைக்குள் பதிக்கிற சில வகைச் செங்கற்களிலும், சூளையிலிருந்து கட்டிகட்டியாக வரும் கிளிங்கரைச் சிமென்டாக அரைக்கும் இரும்புக் குண்டுகளிலும் உள்ள குரோமியமும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் ஒரு கிலோ சிமென்டில் சில மில்லிகிராமிலிருந்து இருபது மில்லிகிராம், சில நேரம் அதற்கும் மேல், தண்ணீரில் கரையும் குரோமேட் இருக்கும். கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ மூட்டையில் மொத்தமே அரை கிராம்.

அரை கிராமுக்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். நச்சியலில் பழைய பாடம், அளவு கூடினால் விஷம் என்பது. குரோமியத்துக்கும் அந்த முகம் உண்டு. 1827இலேயே கிளாஸ்கோவில் வில்லியம் குமின் என்ற மருத்துவர், குரோமேட் கரைசலில் கை வைத்த சாயத் தொழிலாளர்களின் தோலில் உளி வைத்துத் தோண்டியது போன்ற புண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பின்னாளில் 'குரோம் குழி' என்றே அதற்குப் பெயர் வந்தது. குரோமேட் ஆலைகளில் மூக்கின் நடுத்தண்டு ஓட்டை விழுந்தவர்களும் உண்டு. அதெல்லாம் அளவு மிகுந்ததால் வந்த கேடு. சிமென்ட் விஷயம் வேறு கணக்கு. இங்கே உடலே ஒரு பொருளை எதிரி என்று மனப்பாடம் செய்துகொள்கிறது. பாடம் படிக்க மாதங்களோ வருடங்களோ ஆகலாம், படித்துவிட்டால் மறக்காது. அப்புறம் எவ்வளவு குறைவாகப் பட்டாலும் இரண்டொரு நாளில் கை கொப்பளித்துவிடும்.

அந்தப் பாடம் நடக்கிற விதம் முக்கியம், ஏனென்றால் தீர்வும் அதற்குள்ளேயே ஒளிந்திருந்தது. குரோமேட் அயனி உருவத்தில் சல்பேட்டைப் போன்றது. செல்லுக்குள் சல்பேட் போகிற கதவைத் தட்டி, அதன் வேஷத்தில் இதுவும் நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் தோலில் உள்ள பொருள்கள் அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடுகின்றன. அந்த மூன்றாம் நிலைக் குரோமியம் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. குரோமியம் ஒட்டிய அந்தப் புரதத்தைத்தான் நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியன் என்று எடுத்துக்கொள்கின்றன. வாசலைத் தாண்டுவதற்கு ஆறாம் நிலை வேண்டும். வம்பு வளர்ப்பதோ உள்ளே போய் மூன்றாம் நிலையானது. அப்படியானால் வாசலுக்கு வெளியிலேயே அதை மூன்றாம் நிலைக்கு இறக்கிவிட்டால்? உள்ளே போகவே முடியாதே.

லுண்டில் தொழில்சார் தோல் நோய்ப் பிரிவை நடத்திய ஃப்ரெகெர்ட் வழக்கமான மருத்துவர் மாதிரி களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. நோயாளி வேலை செய்யும் இடத்தின் பொருள்களைக் கேட்டு வாங்கி, பக்கத்திலேயே ஆய்வுக்கூடம் வைத்து அலசியவர். வேதியியலாளர் பிர்கிட்டா க்ரூவ்பெர்கர் அவரோடு வேலை செய்தார். 1970களின் தொடக்கத்தில் இருவரும் பல வகைச் சிமென்டுகளைத் தண்ணீரில் கலக்கி, எதில் எவ்வளவு குரோமேட் இறங்குகிறது என்று அளந்தார்கள். டைஃபீனைல் கார்பசைடு என்ற பொருளைச் சேர்த்தால், குரோமேட் இருக்கும் தண்ணீர் ஊதாச் சிவப்பாக மாறும். சிமென்டில் உள்ள மொத்தக் குரோமியத்தைப் பார்த்துப் பயனில்லை, தண்ணீரில் கரைகிற பங்குதான் தோலோடு பேசும் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மருத்துவரும் வேதியியலாளரும் தனித்தனிக் கட்டடங்களில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1979இல் இருவரும் இன்னொரு சக ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை சிறியது: சிமென்டில் உள்ள குரோமேட்டை இரும்பு சல்பேட்டால் குறைக்கலாம். அந்த உப்பை, அதாவது நம் அன்னபேதியான ஃபெரஸ் சல்பேட்டை, சிமென்ட் தூளில் கலந்துவிட்டால் மூட்டைக்குள் அது சும்மா கிடக்கும். தண்ணீர் ஊற்றிய நொடியில் குரோமேட்டும் கரைகிறது, இரும்பும் எதிர்வினைக்கு வருகிறது. இரும்பு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குரோமேட் மூன்றாம் நிலைக்கு இறங்குகிறது. கலவையின் காரத்தில் மூன்றாம் நிலைக் குரோமியம் கரையாத வண்டலாகப் படிந்தும்விடுகிறது. கொத்தனார் மண்வெட்டியை எடுப்பதற்குள் வேலை முடிந்துபோகும். தோலுக்குள் நடந்து வம்பான அதே எதிர்வினையைக் கலவைச் சட்டியிலேயே நடத்தி முடித்துவிடுகிற உபாயம் இது.

சேர்க்க வேண்டிய அளவு சுமார் 0.35 சதவீதம், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 175 கிராம். கணக்குப் போட்டால், கிலோவுக்கு இருபது மில்லிகிராம் குரோமேட் உள்ள மூட்டைக்கும் 16, 17 கிராம் ஃபெரஸ் சல்பேட் போதும். பத்து மடங்கு கூடுதலாகப் போடுவதற்குக் காரணம், காற்றும் ஈரமும் பட்டால் இந்த உப்பு தானாகவே கெட்டுவிடும். அன்னபேதியைத் திறந்து வைத்தால் பச்சை நிறம் போய்த் துரு நிறம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சித்த மருத்துவத்தில் இதைச் செந்தூரமாக்கிச் சோகைக்குக் கொடுப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவந்த இரும்புச் சத்து மாத்திரையிலும் ஃபெரஸ் சல்பேட்தான். விலையும் ஒரு பொருட்டில்லை. வெள்ளைப் பெயின்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடைத் தயாரிக்க இல்மனைட் மணலைக் கந்தக அமிலத்தில் கரைக்கும்போது, வேண்டாத கழிவாக இது மலைமலையாகச் சேர்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருப்பது அதே இல்மனைட். திருவனந்தபுரம் கொச்சுவேளியில் பல பத்தாண்டுகளாக நடக்கும் ஆலையின் முறையும் அந்தக் கந்தக அமில முறையே.

இதையெல்லாம் செய்வதைவிடக் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னால் முடிந்ததே என்று கேட்கலாம். எல்லாப் பாதுகாப்புப் பலகைகளும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் கையுறைக்குள் ஒருமுறை ஈரக் கலவை புகுந்துவிட்டால், வெறுங்கையைவிட மோசம். அடைத்து வைத்துப் பற்றுப் போட்டது மாதிரி ஆகிவிடும். அதைவிட வேடிக்கை, வேலைக்கான தோல் கையுறையும் பூட்ஸும் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்ட தோல். குரோமியம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதையே உறையாக மாட்டிவிடுகிறோம். சரி, ரப்பர் கையுறை? ரப்பரை இறுக்கச் சேர்க்கும் தையூரம் போன்ற வேதிப்பொருள்களுக்கும் ஒவ்வாமை வருகிறவர்கள் உண்டு. இவ்வளவுக்கும் மேலே, 38 டிகிரி வெயிலில் ரப்பர் உறையைப் போட்டுக்கொண்டு செங்கல் அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அறிவுரை சொல்ல வேண்டும். ஆளை மாற்றுவதைவிடப் பொருளை மாற்றுவது மேல் என்ற கொள்கையைத் தொழில் சுகாதாரத்தில் எல்லோரும் பேசுவார்கள். மூட்டைக்குள் கை வைத்து அதைச் செய்து காட்டிய உதாரணங்கள் அதிகம் கிடையாது.

லுண்டிலிருந்து கோபன்ஹேகன் கூப்பிடு தூரம், நடுவில் ஒரு நீரிணைதான். கண்டுபிடித்த சுவீடனை முந்திக்கொண்டு டென்மார்க் 1981இலேயே ஃபெரஸ் சல்பேட் கலந்த சிமென்டுக்கு மாறியது. கரையும் குரோமேட் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி 1983இல் வந்தது. பின்லாந்து 1987, சுவீடன் 1989. டென்மார்க்கில் சிமென்ட் தயாரிப்பவர் ஒருவர்தான். ஒரு ஆலையைச் சம்மதிக்க வைத்தால் நாடே மாறிவிடும். பத்திருபது நிறுவனங்கள் போட்டி போடும் நாட்டில் யார் முதலில் மூட்டைக்குச் செலவைக் கூட்டுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பலன் தெரிந்ததா? டென்மார்க்கில் கிறிஸ்டியன் அவ்ன்ஸ்டோர்ப் என்ற மருத்துவர், கான்கிரீட் பாகங்களை முன்வார்ப்பு செய்யும் தொழிலாளர்களை 1981இலும் 1987இலும் பரிசோதித்தார். ஒவ்வாமையால் வரும் சிமென்ட் கரப்பான் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவிலிருந்து ஒன்றரைக்கும் கீழே இறங்கியிருந்தது. பின்லாந்தில் கட்டுமானத் தொழிலாளர்களின் குரோமியம் ஒவ்வாமை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, காரத்தால் வருகிற சாதாரணக் கரப்பான் இரண்டு இடத்திலும் குறையவில்லை. அன்னபேதி காரத்தை ஒன்றும் செய்யாதே! வேலை முறை நவீனமானதால்தான் நோய் குறைந்தது, இயந்திரம் வந்துவிட்டது, ஆள் கை படுவதே குறைவு என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. ஆனால் கை படுவது குறைந்ததுதான் முழுக் காரணம் என்றால் இரண்டு வகையும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்து மற்றது அப்படியே நின்றது என்பதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு உபகதை. அங்கே தமிழ்த் தொழிலாளர் கை படாத கட்டடம் குறைவு என்பதால் நமக்கும் அதில் பங்குண்டு. கோ சீ லியோக் என்ற தோல் மருத்துவரும் சக ஆய்வாளரும், சட்டம் எதுவும் போடாமலேயே குரோமியம் ஒவ்வாமை வருடா வருடம் குறைந்துவருவதைக் கவனித்தார்கள். சிமென்டில் இரும்பு உலைக் கசடு சேர்க்கத் தொடங்கியதுதான் காரணமோ என்று 1996இல் எழுதினார்கள். கட்டுரையின் தலைப்பையே கேள்விக்குறியோடுதான் முடித்தார்கள். கசடு சேரச் சேரக் கிளிங்கரின் பங்கு குறைகிறது, கரையும் குரோமேட்டும் குறைகிறது. செலவைக் குறைக்கச் செய்த மாற்றம் யாரும் கேட்காமலே கைகளைக் காப்பாற்றியிருக்கிறது போல.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2 மில்லிகிராம் வரம்பு வர 2005 ஜனவரி 17 ஆகிவிட்டது. யேகர், பெல்லோனி காரணத்தைச் சொல்லி 55 வருடம். ஃப்ரெகெர்ட் தீர்வைச் சொல்லி 26 வருடம். மனிதக் கை படாமல் இயந்திரமே மூடிய அமைப்புக்குள் கையாளுகிற சிமென்டுக்கு அந்த விதி விலக்குக் கொடுத்திருக்கிறது. மற்ற சிமென்டில் குரோமேட் வரம்பைத் தாண்டினால் உப்பைக் கலந்தே ஆக வேண்டும். சிலர் ஃபெரஸ் சல்பேட்டுக்குப் பதில், விலை கூடினாலும் நாள்பட நிற்கிற வெள்ளீய சல்பேட்டைப் போடுகிறார்கள்.

ஐரோப்பா குரோமேட்டைப் பிடித்த பிடியை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதியாளர்கள் நன்றாக அறிவார்கள். 2015 மே 1 முதல், தோலில் படும் தோல் பொருள்களில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாக வேண்டும். பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலை என்றாலும், சூடும் காற்றும் பட்டால் அதில் கொஞ்சம் ஆறாம் நிலைக்கு ஏறிவிடும். கப்பல் ஏற்றுவதற்கு முன் சோதனைச் சீட்டு வேண்டும் என்பதால், அந்த ஊர் ஆய்வுக்கூடங்களுக்கு இந்தச் சொல் அன்றாடச் சொல். அதே ராணிப்பேட்டையில் 1995 வரை ஓடி மூடிய குரோமேட் ஆலையின் வளாகத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து கிடந்த கதை வேறு. அது தனியாக எழுத வேண்டிய ஒன்று. ஐரோப்பியர் காலில் மாட்டும் செருப்புக்கு ஒரு அளவுகோல் அங்கே புழங்குகிறது. அந்த ஊரில் வீடு கட்டுகிறவரின் கைக்கு என்ன அளவுகோல் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் குரோம் புண்ணும் வேதிப்பொருள் பட்டு வரும் தோல் அழற்சியும் இருந்தன. ஆனால் வீடு கட்டுகிற மனை அந்தச் சட்டப்படி தொழிற்சாலை ஆகவில்லை. கொத்தனார் மருத்துவரிடம் போவதே அபூர்வம். மருந்துக் கடையில் கையைக் காட்டி, கேட்காமலே எடுத்துத் தருகிற ஸ்டீராய்டு களிம்பு ட்யூபை வாங்கிக்கொள்வார். பூசினால் நாலு நாளில் அடங்கும். கலவையில் கை வைத்தால் திரும்ப வரும். பூசிப் பூசித் தோல் மெலிந்துபோகும். ஒட்டுச் சோதனைக்குப் பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போக வேண்டும். ஒட்டிய நாள், எடுக்கிற நாள், மறுபடி பார்க்கிற நாள் என்று மூன்று நாள் கூலி போகும். சோதனையில் குரோமியம் என்றே தெரிந்தாலும், பிழைப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் மருத்துவரால் என்ன சொல்ல முடியும்? மாற்றிக்கொண்ட பிறகும் தோல் செருப்பு, கைக்கடிகாரத்தின் தோல் வார் என்று குரோமியம் ஏதாவது ஒரு வழியில் வந்து தொட்டுக்கொண்டே இருக்கும். ஆடு மேய்த்துவிட்டுத் திரும்பிய கொத்தனார் ஊரில் இருந்த நாளிலும் காலில் என்ன செருப்புப் போட்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் விற்கிற சிமென்ட் மூட்டையில் கட்டிய தேதியோடு, எவ்வளவு காலத்துக்குள், எப்படிச் சேமித்தால் குரோமேட் வரம்புக்குள் இருக்கும் என்றும் அச்சிட்டிருப்பார்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் உப்பு நாளாக ஆக இறந்துபோகும். நம் மூட்டையிலும் எத்தனையாவது வாரம், எந்த வருடம் என்று அச்சு உண்டு. லாரியிலிருந்து இறக்கும்போது மேஸ்திரி அதைத் தேடிப் படிப்பார். மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் தளத்துக்குப் போடாதீர்கள், பிடிப்பு இருக்காது, பூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பார்.